கசியும் ரேடியேட்டர் வால்வை வீட்டிலேயே சரிசெய்வது: பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் கடைசியில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் வாரத்தை ஒட்டித்தான் பிரிட்டனில் பல வீடுகளில் ஹீட்டிங்கை மறுபடி போடுவார்கள். கோடை முழுக்க அசையாமல் கிடந்த வால்வுகள் சூடேறி விரியும், ஆறிச் சுருங்கும். சில நாளில் ஏதாவது ஒரு ரேடியேட்டரின் அடியில் கார்ப்பெட் ஈரமாகிவிடும். சில வீடுகளில் ஈரமே தெரியாது. பாய்லரின் பிரஷர் முள் மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வரும்.

வால்வு ஒழுகுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே கோளாறு இல்லை. ஒரு வால்வில் தண்ணீர் வெளியே வர நான்கு இடங்கள் உண்டு. ஓரிடத்துக்குக் கால் மணி நேரமும் ஒரு முழம் டேப்பும் போதும். இன்னோரிடத்துக்கு வீட்டு ஹீட்டிங்கில் இருக்கும் மொத்தத் தண்ணீரையும் வடித்தாக வேண்டும். எந்த இடம் என்று பார்க்காமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர்தான் சொட்டு விழுந்ததை ஓட ஓட ஒழுக வைப்பவர். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கண்டுபிடிப்பதைப் பற்றித்தான்.

இது நீங்கள் செய்யவேண்டிய வேலைதானா?

வாடகை வீடு என்றால் நீங்கள் கைவைக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் வழக்கமான குறுகிய கால வாடகைகளில், அறையைச் சூடாக்கும் அமைப்பைப் பழுதுபார்த்து வைப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கசிவைப் படம் எடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். பின்னால் கார்ப்பெட் கறை பற்றிப் பேச்சு வரும்போது அந்த மின்னஞ்சலின் தேதி உதவும்.

புதிய அடுக்குமாடிகளில் வீட்டுக்குள் பாய்லரே இருக்காது; கட்டடத்துக்குப் பொதுவான இடத்திலிருந்து சூடு வரும். அங்கே உங்கள் ரேடியேட்டரில் ஓடுவது கட்டடம் முழுவதற்குமான தண்ணீராகக்கூட இருக்கலாம். நிர்வாகத்தைக் கேட்காமல் எந்த நட்டையும் தொடாதீர்கள்.

சொந்த வீடு, சொந்த பாய்லர் என்றால் ரேடியேட்டர் வால்வு வேலையை நீங்களே செய்யலாம். அதில் எரிவாயு சம்பந்தப்படவில்லை. ஆனால் பாய்லரின் உறையைத் திறக்கும் வேலை எதுவானாலும் கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவர்தான் செய்ய வேண்டும். 2009 வரை அந்தப் பதிவுக்குக் கோர்கி என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள்.

வால்வில் என்னென்ன இருக்கிறது

ஒரு ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வால்வு. ஒன்றில் 1 முதல் 5 வரை எண் போட்ட பெரிய தலை இருக்கும். அதுதான் டி.ஆர்.வி. எனப்படும் தெர்மோஸ்டாட் வால்வு. பழைய வீடுகளில் அதற்குப் பதில் கையால் திருகும் சாதாரணத் திருகுதலை இருக்கும். மறுபக்கம், திருகினாலும் சும்மா சுற்றும் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் அடியில் இருப்பது லாக்‌ஷீல்டு வால்வு. எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று ஹீட்டிங் போட்டவர் அதைத் திருகி அளவு வைத்திருப்பார்.

இப்போது தரையில் உட்கார்ந்து வால்வை மேலிருந்து கீழே பாருங்கள். தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி ஒரு சின்ன நட்டு. இதுதான் கிளாண்ட் நட்டு. வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் பெரிய நட்டு, யூனியன் நட்டு. அதிலிருந்து ரேடியேட்டருக்குள் மரையோடு இறங்கும் குட்டிக் குழாய்த் துண்டுக்கு டெயில் என்று பெயர். கடைசியாக, தரையிலிருந்து வரும் செப்புக் குழாய் வால்வுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்ப்ரெஷன் நட்டு. அதற்குள்ளே ஆலிவ் என்கிற உலோக வளையம் குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும். தண்டு, யூனியன், டெயில், கம்ப்ரெஷன்: கசிவுக்கான நான்கு இடங்களும் இவைதான்.

எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் மேலே கசிந்து கீழேதான் சொட்டும். சொட்டும் இடம் பெரும்பாலும் கம்ப்ரெஷன் நட்டாகத் தெரியும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான். பார்த்தவுடன் அதை இறுக்கப் போகிறவர்கள் நிறைய. குற்றவாளியோ மேலே தண்டில் உட்கார்ந்திருக்கும்.

வால்வை முழுக்கத் துடைத்துக் காயவிடுங்கள். டாய்லெட் டிஷ்யூவைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக ஒரு சுற்று சுற்றுங்கள். தண்டின் அடியில் ஒன்று, யூனியனில் ஒன்று, டெயில் ரேடியேட்டரைத் தொடும் இடத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அரை மணி நேரம் கழித்து வந்து எது நனைந்திருக்கிறது என்று மேலிருந்து பாருங்கள். முதலில் நனைந்ததுதான் நமக்கு வேண்டியது. கிச்சன் டவல் இதற்கு ஒத்துவராது. தடிமன் அதிகம், ஒரு துளி நனைந்தால் தெரியாது.

சில கசிவு ஹீட்டிங் அணைந்து ஆறும்போதுதான் வரும், உலோகம் சுருங்கி இணைப்பில் இடைவெளி விழுவதால். இன்னும் சில, சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் வரும். கசியும் தண்ணீர் சூட்டில் உடனே ஆவியாகிப் போவதும் உண்டு. அப்போது ஈரம் இருக்காது, பித்தளையில் பச்சைக் களிம்போ வெள்ளை உப்போ மட்டும் படிந்திருக்கும். டிஷ்யூவை ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஹீட்டிங் போடும் முன் பார்ப்பது நல்லது.

மாடி ரேடியேட்டர் என்றால் கீழ் அறையின் கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள் வட்டம் தெரிந்தால், அதுவும் விளக்குக்குப் பக்கத்தில் தெரிந்தால், அந்த விளக்கின் மின்சாரத்தை முதலில் துண்டியுங்கள்.

கையில் என்ன வேண்டும்

அட்ஜஸ்டபிள் ஸ்பானர் இரண்டு, அல்லது ஸ்பானர் ஒன்றும் வாட்டர் பம்ப் குறடு ஒன்றும். ரேடியேட்டரின் காற்றைத் திறக்கும் சாவி. தட்டைத் திருப்புளி. நம்மூர் பிளம்பர் டெஃப்லான் டேப் என்று கேட்டு வாங்குவது இங்கே கடையில் பி.டி.எஃப்.இ. டேப் என்று இருக்கும். அதில் ஒரு சுருள். ஓவனில் வைக்கும் தட்டு, வால்வின் அடியில் நுழையும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால் வாளியைவிட வசதி. பழைய டவல்கள் எவ்வளவு இருந்தாலும் நல்லது. ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீர் கருப்பு மசி நிறத்தில் இருக்கும், உள்ளே இரும்பு துருப்பிடித்து உண்டான கசடு. வெளிர் நிறக் கார்ப்பெட்டில் அது பட்டால் போகாது. பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன் மேல் டவல் போட்டு உட்காருங்கள்.

நேரம் பற்றியும் ஒன்று. இந்த வேலையை ஞாயிறு மாலையில் தொடங்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். நான்கு மணிக்கு ஒரு ஆலிவ் தேவைப்பட்டு, கடை அடைத்திருந்தால் அன்றிரவு வீடு முழுக்கக் குளிர்தான். சனிக்கிழமை காலைதான் சரியான நேரம்.

எந்த வேலையானாலும் ஹீட்டிங்கை அணைத்து, பாய்லரின் சுவர் ஸ்விட்சையும் அணைத்து, ரேடியேட்டர் கைக்குக் குளிர்ச்சியாகும் வரை பொறுங்கள்.

தண்டில் கசிவு

அதிகம் பார்க்கக்கூடியது இதுதான், சரிசெய்ய எளிதானதும் இதுதான். தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு காலப்போக்கில் தேய்ந்து, காய்ந்து போகிறது. அவ்வளவுதான்.

முதல் முயற்சி, இறுக்கிப் பார்ப்பது. தலையை, அல்லது லாக்‌ஷீல்டாக இருந்தால் பிளாஸ்டிக் மூடியை, கழற்றுங்கள். ஒரு கையால் வால்வின் உடலைக் குறடால் பிடித்துக்கொண்டு, கிளாண்ட் நட்டை வலப்பக்கமாகக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். துடைத்து, டிஷ்யூ சுற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் வேலை முடிந்தது. தண்டைத் திருக முடியாத அளவுக்கு இறுகிவிட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள்.

நிற்கவில்லை என்றால் அடைப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பல மலிவு வால்வுகளில் தனி கிளாண்ட் நட்டே கிடையாது. உள்ளே ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். மேலே தெரியும் ஒரே பெரிய நட்டு, வால்வின் உள்பாகம் மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கும் நட்டு. அதைக் கழற்றினால் தண்டோடு சேர்ந்து எல்லாம் கையோடு வரும், பின்னாலேயே தண்ணீரும். தண்டை ஒட்டி மேலே ஒரு சின்ன நட்டு, அதற்குக் கீழே தனியாக ஒரு பெரிய அறுகோணம் என்று இரண்டும் தெரிந்தால் மட்டுமே தொடருங்கள். ஒன்றுதான் தெரிகிறது என்றால் நேராக வால்வை மாற்றும் பகுதிக்குப் போங்கள்.

1. இரண்டு பக்க வால்வுகளையும் வலப்பக்கம் திருகி மூடுங்கள். லாக்‌ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி, ஒரு துண்டு டேப்பில் எழுதி ரேடியேட்டரிலேயே ஒட்டிவிடுங்கள். திறக்கும்போது அதே சுற்றுக்குத் திறந்தால்தான் மற்ற அறைகளின் சூடு மாறாது.

2. ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் காற்றுத் திருகைச் சாவியால் மெல்லத் திறந்து, கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பீய்ச்சுவது அடங்கியதும் உடனே மூடுங்கள். அந்த ஒழுங்கு முக்கியம். கிளாண்ட் நட்டு இருப்பது ரேடியேட்டர் பக்கம். ஒரு வால்வை மட்டும் மூடினால் மறுபக்கத்திலிருந்து அழுத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டையும் மூடி, அழுத்தத்தை விட்டு, காற்றுத் திருகையும் மூடிவிட்டால், உள்ளே காற்று நுழைய வழியில்லை. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் நட்டைத் திறக்கும்போது சில துளிதான் வரும்.

3. கிளாண்ட் நட்டை முழுக்கக் கழற்றித் தண்டின் மேலே தூக்கிவிடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். பழைய அடைப்பு தூளாகியிருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள். நன்றாக இருந்தால் அப்படியே விடலாம்.

4. பி.டி.எஃப்.இ. டேப்பை ஒரு சாண் இழுத்து வெட்டி, விரல்களுக்கிடையில் முறுக்கி நூலாக்குங்கள். அந்த நூலைத் தண்டைச் சுற்றி வலப்பக்கமாகச் சுற்றி, திருப்புளியின் முனையால் பள்ளத்துக்குள் அழுத்தி அழுத்தி இறக்குங்கள். பள்ளம் கிட்டத்தட்ட நிரம்ப வேண்டும்.

5. நட்டைக் கையால் போட்டு, பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். தண்டு லேசான எதிர்ப்போடு திரும்ப வேண்டும், அதுதான் அளவு.

6. இரண்டு வால்வுகளையும் திறந்து, காற்றை வெளியேற்றி, பாய்லர் அழுத்தத்தைப் பாருங்கள்.

கசிவது டி.ஆர்.வி. என்றால்

டி.ஆர்.வி.யின் தலைக்குள் மெழுகோ திரவமோ நிரப்பிய ஒரு குப்பி இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, கீழே இருக்கும் ஒரு சின்ன ஊசியை உள்ளே தள்ளும், வழி அடைபடும். தலையைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையால் கழற்றலாம், தண்ணீர் வராது. அடியில் பால்பாயின்ட் பேனாவின் முனை போல ஊசி துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி ஈரம் இருந்தால் ஊசியின் அடைப்பு போய்விட்டது என்று பொருள்.

சில நிறுவனங்களின் வால்வுகளில் அந்த அடைப்பை மட்டும் தனியாக மாற்றலாம். உங்கள் மாடலுக்கு அந்த வசதி இருப்பதை விவரக் குறிப்பில் கண்ணால் பார்த்தாலொழிய அங்கே ஸ்பானர் போடாதீர்கள். என் கருத்தில், பத்து வருடம் ஓடிய டி.ஆர்.வி. ஊசியில் கசிந்தால் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். லாக்‌ஷீல்டோடு சேர்ந்த ஒரு ஜோடி 15 முதல் 30 பவுண்டுக்குள் கிடைக்கும். வீணாகப் போகும் ஒரு சனிக்கிழமைக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

யூனியன் நட்டில் கசிவு

இது பெரும்பாலும் யாராவது ரேடியேட்டரை இடித்ததாலோ, பெயின்ட் அடிக்கக் கழற்றி மாட்டியதாலோ வருவது. வால்வைக் குறடால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை அரைக்கால் முதல் கால் சுற்று இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் மொத்த வால்வும் திரும்பி, தரையிலிருந்து வரும் குழாயை முறுக்கும். ஒரு கசிவு இரண்டாகும்.

எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். யூனியன் நட்டு ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வை நோக்கிப் போவது. அதனால் ரேடியேட்டர் இருக்கும் திசையிலிருந்து வால்வைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் திருக வேண்டும். அடியில் உள்ள கம்ப்ரெஷன் நட்டோ கீழிருந்து மேலே ஏறுவது. நீங்கள் மேலிருந்து குனிந்து பார்க்கும்போது அது இடப்பக்கம் போனால்தான் இறுகும். இந்த இடத்தில் மாற்றித் திருகி, நட்டைத் தளர்த்தி, அறையை நனைத்தவர்கள் ஏராளம்.

இறுக்கியும் நிற்கவில்லை என்றால் ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதும். இரண்டு வால்வையும் மூடுங்கள். டி.ஆர்.வி.யை வெறுமனே 0இல் வைத்துவிட்டு நம்பாதீர்கள். அறை மிகவும் குளிர்ந்தால் உறைவைத் தடுக்க அது தானாகத் திறக்கும் வகையாக இருக்கலாம். தலையைக் கழற்றி, வால்வோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் திருகி ஊசியை அழுத்தி வையுங்கள். பிறகு தட்டை அடியில் வைத்து யூனியன் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். காற்றுத் திருகு மூடியிருக்கும் வரை தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் வரும். அதைத் திறந்தால் ஓடும். தட்டு நிறைந்தால் திருகை மூடுங்கள், தட்டைக் காலிசெய்யுங்கள், மறுபடி திறங்கள். நடுத்தர அளவு இரட்டை ரேடியேட்டரில் ஐந்தாறு லிட்டராவது இருக்கும், பொறுமை வேண்டும்.

வடிந்தபின் இணைப்பைப் பிரித்து, இரண்டு முகங்களையும் துணியால் பளபளவென்று துடையுங்கள். கூம்பு முகத்தில் ஜாயின்டிங் காம்பவுண்ட் என்கிற அடைப்புப் பசையைக் கொஞ்சம் தடவி மறுபடி இறுக்குங்கள். முகத்தில் ஆழமான கீறலோ பள்ளமோ தெரிந்தால் வால்வும் டெயிலும் புதிதாக வேண்டும்.

டெயில் மரையில் கசிவு

ரேடியேட்டருக்குள் டெயில் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் மேலே சொன்னபடி ரேடியேட்டரை வடித்து, யூனியனைப் பிரித்து, டெயிலை அலன் கீ எனும் அறுகோணச் சாவியாலோ ஸ்பானராலோ கழற்றுங்கள். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, வலப்பக்கமாகப் புதிய டேப்பை இறுக்கமாக 10 முதல் 15 சுற்று சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால், உள்ளே திருகும்போது டேப் பிரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும். குழாயடியில் ஐந்தாறு சுற்று சுற்றிப் பழகியவர்களுக்கு 15 அதிகமாகத் தெரியும். ரேடியேட்டர் மரை கொஞ்சம் தளர்ந்தே இருக்கும், இங்கே தாராளமாகவே சுற்றுங்கள்.

கம்ப்ரெஷன் நட்டில் கசிவு

அரைக்கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், அதிகம் போனால் கால் சுற்று. அதற்கு மேல் போகாதீர்கள். ஆலிவ் குழாயை நசுக்கிவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அடைக்காது. குழாயையே வெட்டி நீட்ட வேண்டிவரும்.

நிற்கவில்லை என்றால்தான் பெரிய வேலை. இந்த இணைப்பு வால்வுக்கு முன்னால் இருப்பதால், எந்த வால்வை மூடியும் பயனில்லை. மொத்த அமைப்பையும் வடிக்க வேண்டும். வடிப்பதே வடிக்கிறோம், பழைய வால்வாக இருந்தால் மாற்றிவிடலாம்.

வடித்து, வால்வை மாற்றுவது

உங்கள் அமைப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள். பாய்லரில் பிரஷர் முள்ளும் அடியில் ஒரு வளைகுழாயும் இருந்தால் மூடிய அமைப்பு. அந்த வளைகுழாயின் வழியாகத்தான் தண்ணீர் நிரப்புவது. அது மூடியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். முள் இல்லாமல், பரணில் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தொட்டி இருந்தால் திறந்த அமைப்பு. அதில் மிதவை வால்வைக் குச்சியில் கட்டி உயர்த்திவையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வடிக்க வடிக்க மேலே நிரம்பிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் கசிவு எங்கேயும் காட்டிக்கொடுக்காது. தொட்டி சத்தமில்லாமல் ஈடுகட்டும், புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கும்.

வடிகுழாய் கீழ்த்தளத்தில், அனேகமாக ஒரு ரேடியேட்டரின் பக்கத்தில், வரிவரியான முனையோடு இருக்கும். அதில் தோட்டத்துக் குழாயை மாட்டி, கிளிப் போட்டு இறுக்கி, மறுமுனையைச் சமையலறைக் கழிவு போகும் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது பல இடங்களில் நேராக ஆற்றுக்குப் போகிறது, இந்தத் தண்ணீரில் ரசாயனம் கலந்திருக்கிறது. வடிகுழாயின் சதுர முனையை ஸ்பானரால் திறங்கள். வேகம் குறைந்ததும் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரேடியேட்டரின் காற்றுத் திருகையும் திறந்துகொண்டே கீழே வாருங்கள். மாற்றவேண்டிய வால்வு மாடியில் இருந்தால் மொத்தமும் வடிய வேண்டியதில்லை, அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும்.

பழைய வால்வைக் கழற்ற, முதலில் யூனியன், அப்புறம் கம்ப்ரெஷன் நட்டு. வால்வைக் குழாயிலிருந்து மேலே தூக்குங்கள். குழாயில் ஆலிவும் நட்டும் தங்கியிருக்கும். பழைய ஆலிவ் குழாயில் ஒழுங்காக உட்கார்ந்திருந்து, பழைய நட்டின் மரை புது வால்வோடு சேர்ந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கசிந்த இணைப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஆலிவை இழுக்கும் கருவி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ரம்பத் தகட்டால் ஆலிவைச் சாய்வாக, முக்கால் ஆழத்துக்கு மட்டும் அறுத்து, வெட்டில் திருப்புளியை நுழைத்துத் திருகினால் பிளந்துவிடும். செப்புக் குழாயில் கீறல் விழக்கூடாது; விழுந்தால் புது ஆலிவ் அங்கேயும் ஒழுகும்.

கடைக்குப் போகும் முன் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அனேகமாக 15 மில்லிமீட்டர். சில வீடுகளில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் இருக்கும், அதற்குத் தனி மாற்றுத் துண்டு வேண்டும். தரையிலிருந்து வருவது பிளாஸ்டிக் குழாய் என்றால் உள்ளே செருகும் உலோக உறையை மறக்காதீர்கள். டெயிலையும் பழையதோடு விடாதீர்கள், புது வால்வோடு வருவதையே போடுங்கள். அவை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை.

மாட்டும் ஒழுங்கு: டெயிலில் டேப் சுற்றி ரேடியேட்டரில் இறுக்குங்கள். குழாயை மெல்லிய கம்பிப் பஞ்சால் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டு, ஆலிவ், வால்வு என்ற வரிசையில் மாட்டுங்கள். ஆலிவின் மேல் துளி ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவலாம். கம்ப்ரெஷன் நட்டின் மரையில் டேப் சுற்ற வேண்டாம். அங்கே தண்ணீரை அடைப்பது மரை இல்லை, ஆலிவ்தான். இரண்டு நட்டுகளையும் கையால் இறுகும் வரை திருகி, வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்தபின், ஸ்பானரால் ஒரு சுற்று, அதிகபட்சம் ஒன்றேகால். வால்வை வளைத்து இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் ஏதோ அளவு சரியில்லை. நீளமான டெயில் வாங்குங்கள், வலுக்கட்டாயம் செய்யாதீர்கள்.

வேலை நடுவில் தண்ணீர் பெருகினால்

பலரும் சமையலறைத் தொட்டியின் அடியில் இருக்கும் மெயின் வால்வை மூட ஓடுவார்கள். மூடிய அமைப்பில் அதனால் பயன் இல்லை; நிரப்பும் வளைகுழாய் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும்தான் வரும். ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளையும் மூடுங்கள். கசிவு வால்வுக்கு முன்னால் என்றால் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள். அழுத்தம் விழும் வரை வீட்டில் எந்தக் காற்றுத் திருகையும் திறக்காதீர்கள். காற்று புகாத வரை வேகம் தானே குறையும்.

கடையில் விற்கும் கசிவு அடைக்கும் திரவத்தை ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தரைக்கு அடியில் எட்டாத மெல்லிய கசிவுக்கு அது கடைசி வழி. கண்முன்னே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வால்வுக்கு அது வேண்டாம். தினமும் பாய்லரில் தண்ணீர் ஏற்றி ஓட்டுவதும் வழி இல்லை, காரணம் மேலே சொன்ன ஆக்சிஜன்.

நிரப்புவது

வடிகுழாயையும் எல்லாக் காற்றுத் திருகுகளையும் மூடினீர்களா என்று ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். மாடியில் ஒன்று திறந்திருப்பதை, கீழே பாய்லர் பக்கம் நின்று நிரப்பும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். வளைகுழாயைத் திறந்து மெதுவாக ஏற்றுங்கள். முள் 0.5 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டியதும் நிறுத்திவிட்டு, புது இணைப்புகளைப் பாருங்கள். ஒழுகினால் இந்த அழுத்தத்திலேயே தெரியும், சேதமும் குறைவு. சரி என்றால் 1 முதல் 1.5 பார் வரை கொண்டுபோய், கீழ்த்தள ரேடியேட்டரிலிருந்து மேலே போய்க்கொண்டே காற்றை எடுங்கள். காற்று போகப் போக முள் இறங்கும், மறுபடி ஏற்றுங்கள். முடிந்ததும் வளைகுழாயின் இரண்டு முனைகளையும் மூடி, குழாயையும் கழற்றி வையுங்கள். திறந்த அமைப்பில் மிதவைக் கட்டை அவிழ்த்தால் போதும்.

வடித்த தண்ணீரோடு துருத் தடுப்பு ரசாயனமும் போய்விட்டது. இன்ஹிபிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஃபெர்னாக்ஸ் எஃப்1, சென்டினல் எக்ஸ்100 இரண்டும் எங்கும் கிடைக்கும். எஃப்1 என்றால் 500 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று சாதாரண வீட்டுக்குப் போதும். பாய்லர் அருகே காந்த வடிகட்டி இருந்தால் அதன் வழியாக ஊற்றலாம். ஃபிரிட்ஜ் பக்கம் தள்ளிவைத்து மறந்துவிடாதீர்கள், அன்றைக்கே ஊற்றுங்கள்.

ஹீட்டிங்கை முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முள் 2 பாரை ஒட்டி ஏறினால் இயல்பு. 3ஐ நெருங்கினால் அணைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை இறக்குங்கள், அந்த அளவில் பாய்லரின் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். லாக்‌ஷீல்டை மூடியபோது எழுதிவைத்த சுற்றுக்குத் திறங்கள். அப்புறம் புதிய இணைப்புகளில் மறுபடி டிஷ்யூ சுற்றி, அணைத்து, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் டிஷ்யூ காய்ந்திருந்து, முள்ளும் முந்தைய நாள் ஆறியபோது இருந்த இடத்திலேயே நின்றால் விரிப்பையும் டவலையும் மடித்து எடுத்துவிடலாம். டிஷ்யூ காய்ந்தும் முள் இறங்கியிருந்தால் முதலில் இன்னொரு முறை காற்றை எடுத்து, அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். நிரப்பிய முதல் சில நாளில் காற்று பிரிந்து வருவது வழக்கம். ஒரு வாரம் கழித்தும் இறங்கினால் கசிவு வேறெங்கோ, அல்லது கோளாறு பாய்லருக்குள். அதற்குக் கேஸ் சேஃப் ஆளைக் கூப்பிடுங்கள். எந்த வால்வை மாற்றினீர்கள், ஒரு ராத்திரியில் முள் எவ்வளவு இறங்குகிறது என்ற இரண்டையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.